உடைந்து வந்த அழைப்பிதழ்

என் முகத்தின் வலது பாதி வேலைநிறுத்தம் ஆரம்பித்த காலையில் நான் வழக்கம்போல் பல் தேய்த்து வாய் கொப்பளித்தேன். தண்ணீர் வாஷ்பேசினில் விழாமல் வலது ஓரமாகப் பீய்ச்சி எதிரே இருந்த கண்ணாடியில் அடித்தது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். இடது பக்கம் நான்தான். வலது பக்கத்தில் என்னைவிட மூத்த, எதிலும் அக்கறையில்லாத ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் புருவம் ஏறவில்லை, கண் மூடவில்லை, உதடு தொங்கியது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட குரலே குழறியது.

அன்று மாலைக்குள் பக்கவாதம் இல்லை என்று உறுதியாகிவிட்டது. முகத்துக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரை சாப்பிடுங்கள், பெரும்பாலானவர்களுக்கு முழுசாகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். நான் கணக்கு டீச்சர். பெரும்பாலானவர்கள் என்று சொன்னால், அதற்கு வெளியே கொஞ்சம் பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கொஞ்சம் பேரில் நானும் ஒருத்தியாவேன் என்றுதான் தெரியவில்லை.

சில வாரங்களில் புருவம் அசைந்தது. கண் மூடியது. சாம்பார் சாதம் வாயை விட்டு வெளியே வராமல் சாப்பிட முடிந்தது. ஆனால் உதட்டின் வலது ஓரம் இறங்கியது இறங்கியதுதான். அதோடு புதிதாக ஒரு கோளாறு சேர்ந்துகொண்டது. சைதாப்பேட்டையில் நான் போய்க்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் விளக்கினாள்: நரம்பு திரும்ப வளரும்போது வழி தவறிப் போய்விடுமாம், வாய்க்குப் போக வேண்டிய உத்தரவு கண்ணுக்கும் போய்ச் சேருமாம். அதாவது, நான் சிரித்தால் என் வலது கண் தானாக மூடிக்கொள்ளும். ஐம்பத்துநான்கு வயதில் போகிற வருகிறவர்களைப் பார்த்தெல்லாம் கண்ணடிக்கிற டீச்சர்! இதைவிட அந்த நரம்பு சும்மாவே கிடந்திருக்கலாம்.

சிரிப்பதை நிறுத்தினேன். மாஸ்க் போட ஆரம்பித்தேன். மாஸ்க் போட்டால் யாரும் ஏன் என்று கேட்காத காலம் இது. அடையாறில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் தூசி அலர்ஜி என்று சொல்லி வைத்தேன், எல்லோரும் நம்பினார்கள். ஆறாம் வகுப்புக்குச் சமச்சீர் பாடம் வந்தது. வண்ணத்துப்பூச்சி, அரச இலை, மனித முகம், எல்லாம் நடுவில் கோடு போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் என்று மாஸ்க்குக்குள்ளிருந்தே நடத்தி முடித்தேன். ஒரு பிள்ளைக்கும் சந்தேகம் வரவில்லை.

பிசியோதெரபிஸ்ட் ஒரு காரியம் சொல்லியிருந்தாள். தினமும் முகத்தைப் படம் எடுக்க வேண்டும். புருவத்தைத் தூக்கி ஒன்று, கண்ணை இறுக மூடி ஒன்று, கன்னத்தை உப்பி ஒன்று, பல் தெரிய ஒன்று. பழைய படத்தோடு புதியதை வைத்துப் பார்த்தால்தான் முன்னேற்றம் தெரியும் என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். எடுத்ததைத் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஒருநாள் என் போன் தானாகவே அந்தப் படங்களையெல்லாம் கோர்த்து, பின்னால் பியானோ வாசித்து, ‘இனிய நினைவுகள்’ என்று தலைப்பும் போட்டு எனக்கே வழங்கியது. நான் கன்னத்தை உப்புகிறேன், பியானோ கொஞ்சுகிறது. போனைத் தூக்கி அடுப்பில் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

அந்த வாரம்தான் பெங்களூரில் இருக்கும் என் பெண் தன் படம் ஒன்றை ஸ்டேட்டஸில் வைத்திருந்தாள். நெற்றி ஒரு பக்கம், மூக்கு ஒரு பக்கம் என்று பட்டை பட்டையாக நகர்ந்து, ஓரமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகப் பிரிந்து கிடந்தது. நான் உடனே கூப்பிட்டு, “உன் போன் கெட்டுப்போச்சுடி, படம் ஒடஞ்சு வரது” என்றேன்.

அவள் சிரித்தாள். “கெடலம்மா. வேணும்னே ஒடைச்சது. கிளிட்ச்னு பேரு. அதுக்கு ஆப் இருக்கு.”

“வேணும்னே எதுக்கு ஒடைக்கணும்?”

“நன்னா இருக்கேன்னுதான்.”

நன்றாக இருக்கிறதாம். அவள் அனுப்பிய ஆப்பை இறக்கி, முதல் காரியமாக என் கன்னம் உப்பிய படத்தை அதில் போட்டேன். கலையும் இல்லை, ஒன்றும் இல்லை, பழிவாங்கல்தான். ஒரு கோணல் வாயை என்னால் பார்க்க முடியவில்லை, முகம் முழுவதும் கோணலாகிவிட்டால் வாய் எங்கே என்று யார் தேடப்போகிறார்கள்? விரலால் ஒரு புள்ளியை இழுத்தால் படம் குறுக்கே துண்டு துண்டாகி நகர்கிறது. போனைக் குலுக்கினால் வேறு மாதிரி உடைகிறது. இன்னொரு விசை புள்ளிகளையெல்லாம் வெளிச்சத்தின் வரிசைப்படி அடுக்கி, முகத்தை ஜிகினாத் துணி போலக் கீழே ஒழுகவிடுகிறது. அன்று நான் என்னை விதவிதமாக உடைத்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

ஆனால் இரண்டு மூன்று நாளில் பழிவாங்கும் எண்ணம் போய்விட்டது. அந்த இடத்தில் ஆசை வந்து உட்கார்ந்தது. அதிகமாக உடைத்தால் படம் வெறும் சேறு. கொஞ்சமாக உடைத்தால் உயிர் வருகிறது. ஒரு கண்ணையாவது அதன் இடத்தில் விட்டுவைக்க வேண்டும், அப்போதுதான் மற்றதெல்லாம் நகர்ந்திருப்பது தெரியும். இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தேன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. துண்டுகளை நகர்த்தும் விசையில் ஒரு புள்ளிகூடக் காணாமல் போவதில்லை. நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கணக்கு டீச்சருக்கு இது பெரிய ஆறுதல்.

பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் உடைத்தேன். கபாலி கோயில் கோபுரத்து பொம்மைகளைக் குளத்தில் ஒழுகவிட்டேன். ரங்கநாதன் தெருக் கூட்டத்தை நெடுக வெட்டிப் பின்னினேன். கட்டைப்பைகள் தலைகளுக்கு மேலே நடந்து போயின. சைதாப்பேட்டை ஸ்டேஷனில் நுழையும் ரயிலின் பெட்டிகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கினேன். வெளியே இறங்க அழுதுகொண்டிருந்தவள், படம் எடுப்பதற்காகவே ஒரு ஸ்டாப் முன்னதாக இறங்கி நடக்க ஆரம்பித்தேன். மாஸ்க்கோடுதான்.

தெற்கு மாடவீதியில் நான் வழக்கமாகக் கீரை வாங்கும் அம்மாவைக் கேட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து, அங்கேயே நின்று உடைத்துக் காட்டினேன். கீரைக்கட்டைத் தூக்கிய அவர் கை ஆறேழு கைகளாகி விசிறி போல விரிந்திருந்தது.

“இன்னாம்மா இது? செல்லு ஒட்ஞ்சி கீதா?”

“இல்லை, நான்தான் இப்படிப் பண்ணினேன்.”

போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் எலுமிச்சம்பழம் விற்பவரிடமும் காட்டினார். “பாரு, அம்மன் கணக்கா இம்மாங் கை எனக்கு. இத்தினி கை இருந்தா கூட்டத்த சமாளிச்சிக்கலாம்!” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “இத்த எம் பொண்ணு நம்பருக்கு அனுப்பு. சொல்றேன், எழுதிக்க” என்றார். அனுப்பிவிட்டு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாஸ்க்குக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். கண் மூடி மூடித் திறந்தது. யார் பார்த்தார்கள்?

இப்படி நான் பாட்டுக்குப் பாதி முகத்தோடு சந்தோஷமாக இருந்த வேளையில்தான் என் வீட்டுக்காரருக்கு அறுபது வயது முடியப்போகிறது என்ற பேச்சு வந்தது. மாசி மாதம் அவர் நட்சத்திரத்தில் அறுபதாம் கல்யாணம். மறுபடியும் மாலை மாற்றி, மறுபடியும் தாலி கட்டி, பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு தாலி கட்டிக்கொள்ள முடியாது.

“கோயில்ல போய் ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வந்துடலாம்” என்றேன்.

அவர் எதையும் எதிர்த்துப் பேசும் ஆள் இல்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். பிறருடைய கோபத்தைக் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. அன்று மட்டும், “எனக்கு ஆசையா இருக்கு” என்றார். அவர் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன்.

நங்கநல்லூரில் இருக்கும் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் ஒரே அக்கா, உடனே பொறுப்பை எடுத்துக்கொண்டுவிட்டார். மண்டபம் அவர் ஏற்பாடு, மந்திரம் சொல்லும் வாத்தியார் அவர் ஏற்பாடு. அவருக்கு முழங்கால் வலி, எங்கள் அபிராமபுரம் வீட்டு மாடிப்படி ஏறமாட்டார். அதனால் எல்லாம் போனிலேயே நடந்தது. என் முகம் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஏதோ நரம்பு வீக்கம் வந்தது, சரியாகிவிட்டது என்பதுதான். நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். தீபாவளிக்குப் போனபோதுகூட ஜலதோஷம் என்று மாஸ்க்கைக் கழற்றாமல், வயிறு சரியில்லை என்று அவர் பிடித்த மாலாடு உருண்டைகளையும் தொடாமல் திரும்பி வந்தேன். அதில் அவருக்குக் கோபம். இப்போது போனில் ஒரே பிடியாக நின்றார்: வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழைப்பிதழ் அனுப்ப வேண்டும், அதில் தம்பியும் நீயும் சேர்ந்து நிற்கும் படம் இருக்க வேண்டும்.

பழைய படம் ஒன்றைப் போடலாம் என்றார் என் வீட்டுக்காரர். நான் மறுத்துவிட்டேன். நல்ல முகத்தை அழைப்பிதழில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மண்டபத்தில் இந்த முகத்தை வைத்து ஒப்பிட மாட்டார்களா? புதுப் படமும் கூடாது. படமே இல்லாமல் அனுப்புங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆனால் மறுநாள் முழுவதும் என் போனை வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வந்து, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பையன் மாதிரி போனை நீட்டினார். அவர் நிற்கிறார், பக்கத்தில் ஒருத்தி. அழகான, அமைதியான, பார்த்தால் பயம் வரக்கூடிய ஒருத்தி.

“யாரு இது?”

“நீதான்.”

ஆப்பில் கண்ணாடி விசை ஒன்று உண்டு. நடுவில் கோடு போட்டு, ஒரு பாதியை அப்படியே மறுபாதிக்குப் புரட்டிப் போட்டுவிடும். அவர் என் நல்ல பாதியை எடுத்து இரண்டு பக்கமும் வைத்து, தன் படத்தோடு ஒட்டியிருந்தார். முகம் சரியாகிவிட்டது. ஆனால் புடவைத் தலைப்பு இரண்டு தோளிலும் தொங்கியது. வலப்பக்க மூக்கில் நான் போட்டிருக்கும் மூக்குத்தியைக் காணோம். நான் வருஷா வருஷம் நடத்தும் சமச்சீர் பாடம், மூக்குத்தி இல்லாமல் என் புருஷன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது.

“நன்னா இருக்கா உங்க ரெண்டாம் பொண்டாட்டி. அவளையே கூட்டிண்டு போய் மணையில ஒக்கார வெச்சுக்கோங்கோ” என்றேன். குரல் ஏறியது. கோபம்தான். கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது, அதையும் அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். “இந்தப் பாதி வேண்டாமா உங்களுக்கு?”

அவர் முகம் செத்துவிட்டது.

“உனக்குத்தான் வேண்டாம்னு நெனச்சேன்” என்றார். “ஆறு மாசமா நீ அதை மூடியே வெச்சுண்டிருக்கே. எங்கிட்டயும் மூடிண்டுதான் பேசறே. இப்படிப் பண்ணினா நீ பக்கத்துல நிப்பேன்னு தோணித்து.”

வீட்டுக்குள்ளும் அவர் எதிரில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பேசும் பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. அவர் அதைத் தினமும் பார்த்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறார். பாவம் அந்த மனுஷர், இரண்டு தலைப்போடு ஒருத்தியைச் செய்துகொள்ளும் அளவுக்குப் போயிருக்கிறார் என்றால் எவ்வளவு தனியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அவர் மேல் கொள்ளைப் பிரியம் வந்தது. ஆனாலும் அந்தப் படத்தை அவர் கண் முன்னாலேயே அழித்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. சாப்பாட்டு மேஜையில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, மாஸ்க் இல்லாமல், தலைப்பு இல்லாமல், ஒரு படம் எடுத்துக்கொண்டோம். பார்த்தேன். என் வாய் இறங்கித்தான் இருந்தது. அப்படியே அனுப்பும் தைரியம் எனக்கு வரவில்லை. ஆப்பைத் திறந்து இரண்டு பேரையும் சேர்த்து உடைத்தேன். அவர் காது என் தலைமுடிக்குள் போனது, என் நெற்றிக் குங்குமம் அவர் கன்னத்துக்கு வந்தது, என் வாய் எங்கேயோ அவர் சட்டைப்பைப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அவருடைய இடது கண்ணை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டேன். நான் செய்ததிலேயே நல்ல படம் அதுதான், இப்போதும் சொல்வேன். அவருக்கும் பிடித்திருந்தது. “யார் எதுன்னே தெரியலை” என்று சந்தோஷமாகச் சொன்னார். அழைப்பிதழில் அதை வைத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். இதுவும் ஒளிந்துகொள்வதுதான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் இந்தத் தடவை ஒளிந்திருந்தவள் நான்தானே, வேறொருத்தி இல்லையே.

வாழ்த்து வரும் என்று காத்திருந்தேன். வந்தது இது:

“போட்டோ சரியா இறங்கலை. திரும்ப அனுப்பவும்.”

“எனக்கும் பாதிதான் வந்திருக்கு. நெட்வொர்க் ப்ராப்ளம்.”

“போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். அப்படியேதான் இருக்கு.”

“வைரஸ் மாதிரி தெரியறது. யாரும் தொடாதீங்கோ.”

இதற்கு நடுவில் ஒரு மாமா படத்தைத் திறக்காமலே கும்பிடும் கை இரண்டு போட்டிருந்தார். என் பெண் பெங்களூரிலிருந்து, “கிழிச்சிட்டே அம்மா! சூப்பர்” என்று எழுதினாள். கிழித்தது யார், ஏன் கிழித்தாள் என்று புரியாமல் மேலும் சிலர் கவலைப்பட்டார்கள். நான் நிதானமாக, படம் சரியாகத்தான் இருக்கிறது, இது ஒரு வகைக் கலை என்று விளக்கி எழுதினேன். அதை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. ‘திரும்ப அனுப்பவும்’ வந்துகொண்டே இருந்தது.

எல்லோரையும் மிஞ்சியவர் என் நாத்தனார்தான். முழங்கால் வலியோடு ஆட்டோ பிடித்து, நங்கநல்லூரில் போன் ரிப்பேர் கடைக்கே போய்விட்டார். ஸ்கிரீன் போய்விட்டது, மாற்றிக் கொடு என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போனில் ஒன்றுமில்லை, அனுப்பியவரிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார். அங்கே கடை வாசலில் நின்றபடியே என்னை வீடியோவில் கூப்பிட்டார்.

ஆறு மாதமாக நான் வீடியோ கால் எதையும் எடுத்ததில்லை. என் வீட்டுக்காரர் காய்கறி வாங்கப் போயிருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. மாஸ்க்கைத் தேடினேன், கொடியில் ஈரமாகத் தொங்கியது. எடுக்காவிட்டால் அடுத்து என்ன செய்வார் என்று யோசித்தேன். போலீஸ் ஸ்டேஷனுக்குக்கூடப் போவார். எடுத்தேன்.

அவர் பக்கத்தில் நெற்றியும் கடையின் விளக்கும் மட்டும் தெரிந்தன. “கேக்கறதா? நான் பேசறது கேக்கறதா?” என்று கத்தினார்.

“கேக்கறது அக்கா. சொல்லுங்கோ.”

“என்னடி இது, வீடியோவும் ஒடஞ்சு வரது! உன் வாய் ஒரு பக்கமா இழுக்கறதே. கண்ணு வேற மூடி மூடித் தெறக்கறது.” போனை உள்ளங்கையில் தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்தில் யாரிடமோ, “பாருப்பா, நீ நன்னா இருக்குன்னே. மூஞ்சி கோணலா வரது பார்” என்றார்.

அந்தக் கடைக்காரர் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன், சட்டென்று நகர்ந்துவிட்டார். எனக்கு ஒரு கணம், ஆமாம், நெட் சரியில்லை, அப்புறம் பேசறேன் என்று சொல்லி வைத்துவிடலாமா என்று தோன்றியது. அவ்வளவு சுலபம். அவர் நம்பியும் விடுவார். ஆனால் மாசி மாதம் மணையில் என்ன சொல்வேன்?

“நெட் சரியாத்தான் இருக்கு அக்கா. போனும் சரியாத்தான் இருக்கு. என் வாய்தான் இப்படி.”

தட்டும் சத்தம் நின்றது. நெற்றி கீழே இறங்கி, முதல் தடவையாக அவர் கண்கள் திரையில் தெரிந்தன. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நான் தலைப்பை எடுக்கவில்லை. கை தானாகப் போனது. பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“எப்போலேர்ந்து?”

“அப்போலேர்ந்துதான். முழுக்க சரியாகலை. இனிமே இவ்வளவுதான் ஆகும்போல இருக்கு.”

“தீபாவளிக்கு வந்தப்போ?”

“அப்பவும்தான்.”

அவர் பரிதாபப்படுவார் என்றுதான் நான் இத்தனை நாள் பயந்தேன். ஐயோ பாவம், எப்படி இருந்த முகம் என்பார், எனக்குத் தாங்காது. அவரோ நடுத்தெருவில் நின்று என்னைக் கிழிகிழியென்று கிழித்தார். “ஏண்டி, உன் கழுத்துல இருக்கறதுல ஒரு முடிச்சுதான் அவன் போட்டது. மத்த ரெண்டும் நான் போட்டேன். எங்கிட்ட சொல்ல மாட்டியா நீ? சொல்லியிருந்தா ஆஞ்சநேயருக்கு ஒரு வடைமாலையாவது வேண்டிண்டிருப்பேனே! மாலாடு வேண்டாம்னுட்டுப் போனியே, நான் என்ன நெனச்சுண்டேன் தெரியுமா? சர்க்கரை ஜாஸ்தியாப் போட்டுட்டேன்னு நீ என்மேல ஏதோ குத்தம் கண்டுபிடிச்சுட்டேன்னு நெனச்சேன்.”

“இல்லக்கா. மெல்றது அசிங்கமா இருக்கும்னு...”

“அசிங்கமாவது! நான் பல்செட்டைக் கழட்டி டம்ளர்ல போட்டுட்டு உன் எதிர்ல ஒக்காந்து தயிர்சாதம் சாப்பிடலையா?”

சாப்பிட்டிருக்கிறார். பல தடவை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது, கண் மூடிக்கொண்டது. “இப்போ மூடறது பார், அது என்ன?” என்று விசாரித்தார். நரம்பு வழி தவறிய கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, “அது கெடக்கட்டும். புடவை எடுக்கணும், நாளைக்கு தி.நகர் வந்துடு” என்றார். “அந்த ஒடஞ்ச படத்தை எடுத்துட்டு ஒழுங்கா ஒண்ணு போடு” என்றும் சொல்லிப் பார்த்தார். நான் மாற்றவில்லை. அதில் எனக்கும் பிடிவாதம் உண்டு.

மறுநாள் தி.நகரில் புடவைக்கடைப் படிகளில் அவரை நானும் என்னை அவருமாகப் பிடித்துக்கொண்டு ஏறினோம். மாஸ்க் கைப்பையில் இருந்தது. போட்டுக்கொள்ளலாமா என்று இரண்டு தடவை கைப்பையைத் திறந்தேன். கடைப்பெண் புடவையை என் மேல் சார்த்திக் கண்ணாடியைக் காட்டியபோது அவள் கண் என் வாயில் ஒரு நொடி நின்றது, பிறகு பார்டருக்குப் போனது. அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒரு நொடிக்காக நான் ஆறு மாதம் பயந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கு மாஸ்க் இல்லாமல் போனேன் என்று சொல்ல ஆசைதான். போகவில்லை. அதற்கு இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

மாசியில் அந்த நாள் வந்தது. காலையிலேயே ஹோமம் முடிந்து, கலசத் தீர்த்தத்தை எல்லோரும் வரிசையாக வந்து எங்கள் தலையில் கொட்டினார்கள். முகத்தில் தண்ணீர் வழிய வழிய உட்கார்ந்திருந்தேன். எத்தனை பேர் கவனித்தார்கள், எத்தனை பேர் தண்ணீரில் கண் மூடுகிறேன் என்று நினைத்தார்கள் என்று தெரியாது. புதுப் புடவை மாற்றிக்கொண்டு திரும்ப வந்து மணையில் உட்கார்ந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் வாத்தியார் மைக்கில் மந்திரம் சொல்கிறவர். ஸ்டாண்டு போட்ட மைக்கை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்திருந்தார்.

மேளம் உயர்ந்தது. என் வீட்டுக்காரர் குனிந்து முதல் முடிச்சைப் போட்டார். முகத்தை என் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் வலது பாதியையே பார்த்தார். பிறகு விலகிக்கொண்டார். எனக்குப் பின்னால் நாத்தனார் குனிந்தார். மேளம் அடங்கிவிட்டது, அவர் விரல்கள் வாதத்தில் வளைந்தவை, சரடு பிடிபடவில்லை. “ஆட்டாதேடி தலையை” என்று என் பிடரியில் முணுமுணுத்தார். “முப்பது வருஷம் முன்னாடியும் இப்படித்தான் ஆட்டினே.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவில்லை.

எதிரே மண்டியிட்டு எடுத்துக்கொண்டிருந்த போட்டோகிராபர் கேமராவை இறக்கித் திரையைப் பார்த்தார். சைதாப்பேட்டைக்காரர், காலையிலிருந்து ஓயாமல் எடுத்துக்கொண்டிருந்தவர்.

“இன்னா மேடம், சிரிச்ச போட்டோ எல்லாத்துலயும் ஒரு கண்ணு மூடிக்கினே கீது. இதெல்லாம் டெலீட் பண்ணிட்றேன். சிரிக்காம ஒண்ணு குடுங்க.”

“டெலீட் பண்ணாதீங்கோ” என்றேன். “சிரிச்சா அந்தக் கண்ணு மூடும். வாயும் கோணும். எனக்கு இனிமே அப்படித்தான். அப்படியே எடுங்கோ.”

மைக் நடுவில் இருந்தது எனக்கு நினைவில்லை. நான் சொன்னது மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்த ஸ்பீக்கரிலும் போய், சமையல் கட்டு வரைக்கும் கேட்டிருக்கிறது. பேச்சுச் சத்தம் அப்படியே நின்றது. முன் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். உடம்பெல்லாம் சூடானது, ஆனால் எழுந்து ஓடத் தோன்றவில்லை.

பின்னால் இரண்டாவது முடிச்சைப் போட்டு முடித்திருந்த நாத்தனார் மைக்கின் பக்கம் எட்டி, “கேட்டுதோன்னோ எல்லாருக்கும்?” என்றார். பிறகு என் தலையைக் கையால் அழுத்தினார். “குனி. இன்னும் ஒரு முடிச்சு பாக்கி இருக்கு.”